தனி அடுப்பு

செப்டம்பர் 9, செவ்வாய்

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. மோட்டார் மறுபடியும் மண்டையைப் போட்டுவிட்டது. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் "இந்தா வாரேன்" என்கிறான். நேற்றும் இதேதான் சொன்னான்.

தனத்தோடு இ-சேவை மையம். காலையில் போய் மத்தியானம் திரும்பினோம். கால் வீக்கம்.

தனத்தைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் மண்டையில் நிற்பதில்லை. ஆபீசில் யாராவது கேட்டால் முழிக்கக் கூடாது. தனலெட்சுமி, என் மாடி அறைக் குடித்தனம். ஊர் பொன்னமராவதிப் பக்கம். கட்டிக் கொடுத்தது திருமயம் பக்கம். கல்யாணமான மறுவருஷமே மனசு சரியில்லாமல் போக, கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கேயும் நிலைக்கவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரையில் தேறி, இங்கே புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்கு வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். இந்த ஆடித் தள்ளுபடியில் தூக்கம் போனது, நோய் திரும்பியது. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்று கடையில் அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று அவள் நம்புகிறாள். நான் நம்பவில்லை.

இப்போது தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு பேர் பேசுகிறார்களாம். ஒருத்தி நல்லவள், ஒருத்தி இல்லை. விடிவதற்கு முன் படிக்கட்டைக் கழுவுகிறாள். கண்ணாடியைத் துண்டால் மூடி வைத்திருக்கிறாள்.

திருச்சி டாக்டரம்மா சொன்னது: மாத்திரையை மாற்ற வேண்டும், பக்கத்தில் வைத்துப் பார்த்து மாற்ற வேண்டும், சில வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை, இப்போது மனநோய்க்கும் உண்டு என்றார். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. கண்ணுக்கும் இருதயத்துக்கும் இருந்தது மனசுக்கும் வந்துவிட்டதே என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்தேன்.

அந்தச் சந்தோஷம் இ-சேவை மையத்தின் வாசல் வரைக்கும்தான். காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும். தனத்தின் பேர் எந்தக் கார்டிலும் இல்லை. கல்யாணம் ஆனதும் அண்ணன் முறையாக எடுத்துவிட்டார். புருஷன் வீட்டில் "அப்பறம் சேத்துக்குவோம்" என்று இருந்தவர்கள் சேர்க்கவேயில்லை. பெண்ணை அனுப்பி வைக்கிறோம், பேரையும் அனுப்பி வைக்கிறோம். திரும்பி வருகிறவளுக்குப் பேர் நடுவழியில் எங்கேயோ கிடக்கிறது.

கம்ப்யூட்டர் பெண் நல்ல மாதிரி. தனியாக இருப்பவருக்குத் தனிக் கார்டு உண்டு என்றாள். அண்ணன் கார்டில் திரும்பச் சேர்க்க முடியாதா என்று அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். "மக கல்யாணத்துக்கு நிக்குதுங்க. பொண்ணு பாக்க வர்றவன் மொதல்ல கார்டத்தான் கேக்குறான்" என்றார். எந்த ஊரில் ரேஷன் கார்டைப் பார்த்துப் பெண் எடுக்கிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தனிக் கார்டுக்குப் போட்டாயிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்த்திருக்கிறோம்.

இரவு ரசம், அப்பளம். தனம் இரண்டு தடவை சோறு வாங்கினாள். நல்ல நாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேற்று இரவு தூறல். மோட்டார் சரியாயிற்று.

கார்டு விசாரணைக்கு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று நினைக்கவில்லை. சின்ன வயசு, மரியாதையான பேச்சு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். காபி கொடுத்தேன். தனம் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்றார். மாடி அறையைப் பார்த்தார். இந்தம்மா எங்கே சமைக்கிறார்கள் என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. குடித்தனக்காரப் பெண்ணைப் பட்டினி போட்டிருக்கிறேனோ என்று கேட்பது மாதிரி இருந்தது. "அவ எதுக்கு சார் தனியா சமைக்கணும்? நான் இருக்கேன்ல. எங்க வீட்டுப் புள்ள மாதிரி. ஒரே சட்டி, ஒரே சோறு" என்றேன்.

"நல்ல மனசும்மா ஒங்களுக்கு" என்று சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

நாள் முழுக்க மனசு குளிர்ந்தே இருந்தது. பிறந்த ஊர் ஆவூரில் எங்கள் அப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார். யார் வந்தாலும் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் பெருமை பேசுவோம்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. நாளை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

நிராகரிக்கப்பட்டது. போனில் குறுஞ்செய்தி. எனக்குப் புரியாமல் இ-சேவை மையத்துக்கு ஓடினேன். அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள்: தனியாகச் சமைப்பவருக்குத்தான் தனிக் கார்டு. தனி அடுப்பு இல்லை, வீட்டு உரிமையாளரோடு சேர்ந்து உண்கிறார் என்று எழுதியிருக்கிறதாம். "நீங்க என்ன ஆன்ட்டி சொன்னீங்க அவர்கிட்ட?"

சொன்னதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தவளை தன் வாயால் கெடும். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது தனத்துக்கு.

அப்படியானால் என் கார்டில் சேர்த்துவிடலாமே என்றேன். உறவு வேண்டும் ஆன்ட்டி என்றாள். வீட்டுப் பிள்ளை மாதிரி என்பதெல்லாம் அங்கே உறவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். காப்பீடு வீட்டுக்கு வீடு கொடுக்கிறார்கள். இந்த நோயோ முதலில் வீட்டிலிருந்துதான் ஆளைப் பிரிக்கிறது. மற்ற நோயாளியை வீட்டில் கட்டிலில் போட்டுக் கஞ்சி கொடுப்பார்கள். இதற்கு வாசலைக் காட்டுவார்கள். வாசலுக்கு வெளியே நிற்கிறவளிடம் எந்த வீட்டுக் கார்டு என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? யாரிடமாவது இதைக் கேட்க வேண்டும் போல் இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவர் தூங்கிவிட்டார்.

தனத்திடம் ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, புதன்

வெயில். எதிர்வீட்டு செல்வி வந்தாள். கூடவே தெருக்காரர்கள் மூன்று பேர். தனம் கேட் அருகில் நின்று தனக்குள் பேசுகிறாளாம், பிள்ளைகள் பயப்படுகிறார்களாம். பேசுவது உண்மை. யாரையும் ஒரு சொல் வைதது கிடையாது. செல்வியின் பையன் பந்து மாடியில் விழுந்தால் கீழே எடுத்துக் கொடுப்பதே அவள்தான். சொன்னேன். காதில் விழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போகும்போதே என் மகன் அருளுக்கும் போன் போட்டுவிட்டார்கள் போல. சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அவன் குரல்.

"அம்மா, டிசம்பர்ல பிள்ளைகள கூட்டிக்கிட்டு வாரேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரில சேத்து சொகமாயிட்டா இருக்கட்டும். இல்லாட்டி காலி பண்ணச் சொல்லிருங்க."

எங்கே போவாள் என்றேன். கெட்ட பிள்ளை இல்லை. வீடு அவன் காசில் எழும்பியது, அவன் பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறான். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவனுக்குக் காட்டாமல் குழம்பு அடிபிடிக்குது என்று போனை வைத்தேன்.

ஆக, அட்டை வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் தேறினால் திரும்ப இந்த மாடி. அட்டை வராவிட்டால் பஸ் ஸ்டாண்டு. நடுவில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

கடைவீதி. வாங்கியது: கரண்ட் அடுப்பு ஒன்று, சின்னக் குக்கர், கரண்டி இரண்டு, அஞ்சறைப் பெட்டி, ஒரு தட்டு.

புது பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைப் பக்கம் ஒரு அம்மா. தலை சடை பிடித்திருக்கிறது. பல நாளாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் கவனித்தேன், மடியில் ஒரு சாவிக்கொத்து செருகியிருக்கிறாள். ஏதோ வீட்டுச் சாவி. டீக்கடையில் கேட்டேன். "வந்த புதுசுல நல்ல சீலை கட்டி இருந்துச்சுங்க. யாரோ கார்ல கொண்டாந்து எறக்கிட்டுப் போனாங்க" என்றார். இட்லி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பம். இந்த முறை ஆள் வரும்போது அடுப்பு எரிந்த அடையாளம் இருக்க வேண்டும், சாமான் இருக்க வேண்டும், நிஜமாகவே தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று அந்தப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். சும்மா ஜோடித்து வைக்க எனக்கும் இஷ்டமில்லை. பொய் சொன்னால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

தனத்திடம் எப்படிச் சொல்வது? ஆபீசிலிருந்து ஆள் வந்து எழுதுவார்கள் என்றால் மிரண்டுவிடுவாள். ஏற்கெனவே தன்னைப் பற்றி யாரோ எழுதிக்கொள்கிறார்கள் என்கிறாள். அவளை எதற்கும் கலங்கடிக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறார். அதனால் அடுப்பை மாடியில் வைத்துவிட்டு, "இனிமே ஒனக்குப் புடிச்சத நீயே வெச்சுக்க தனம், எனக்கும் கால் முடியல" என்று மட்டும் சொன்னேன்.

"சரிக்கா" என்றாள். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மனசு நிற்கவில்லை.

கோழி எடுத்திருந்தேன். கை பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன். மாடியிலிருந்து வாசனை எதுவும் வரவில்லை. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் கொண்டுபோய் வைத்திருக்கிறேனே.

கோழிக்குழம்பு எனக்கே இறங்கவில்லை. தூக்குவாளியில் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். இதென்ன சட்டம், பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு கரண்டி ஊற்றினால் அவளுக்கு வைத்தியம் இல்லை என்பது?

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் நல்ல மழை. துணி நனைந்தது.

தனம் சமைக்கிறாள். வெறும் சோறு, உப்பு. படிக்கட்டு கழுவுவதை நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் இருந்த துண்டையும் காணோம். எனக்கு நல்லதாகப் பட்டது. தேறுகிறாள் என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னேன். சாப்பிடுகிறாளா, பேசுகிறாளா என்று அவர் கேட்டார். பேச்சு குறைச்சல்தான் என்றேன். கவனமாகப் பாருங்கள் என்றார்.

செல்வி மாடியைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, இப்பவே தனியாக்கிட்டீங்க" என்றாள். மெச்சுகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தனம் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

தனத்தைக் காணோம்.

காலையில் மாடிக் கதவு திறந்து கிடந்தது. பாய் சுருட்டி வைத்திருக்கிறது. குக்கர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அறைச் சாவியை என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாத்திரை டப்பா இங்கேயே இருக்கிறது. அடுப்பைக் காணோம்.

பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, குளத்தங்கரை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். நீங்க அவுங்களுக்கு என்ன வேணும் என்று ஏட்டய்யா கேட்டார். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி என்றேன். வேறு யாரும் வரவில்லையா என்றார். அண்ணனுக்குப் போன். எடுத்தார். விசாரிக்கிறேன் என்றார்.

மழை விடவில்லை. எங்கே நனைகிறாளோ. ஆண்டவரே.

செப்டம்பர் 27, சனி

அண்ணனிடமிருந்து போன். அவர் ஊர்க்காரர் ஒருவர் திருமயத்தில் பார்த்திருக்கிறார். "நான் வந்தா அவ மெரண்டுருவா. நீங்க போங்க, ஒங்க பேச்சத்தான் கேப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது. திட்ட நினைத்ததைத் திட்டவில்லை.

திருமயம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் பூட்டிய ஒரு கடை. அதன் படியில் உட்கார்ந்திருந்தாள். சீலையெல்லாம் சேறு. மடியில் துணிப்பை, பைக்குள் அந்தக் கரண்ட் அடுப்பு, வயரைச் சுற்றிப் பத்திரமாக. செருகுவதற்கு அங்கே ஏது ப்ளக்?

பக்கத்தில் உட்கார்ந்தேன். போய்விடச் சொல்லவில்லை. பன் வாங்கிக் கொடுத்தேன், பிட்டுப் பிட்டுத் தின்றாள். ஏன் வந்தாய் என்றதும்தான் பேசினாள்.

"புருசன் வீட்டுலயும் மொதல்ல அடுப்பத்தான்க்கா தனியா வெச்சாங்க. ஒனக்குப் புடிச்சத வெச்சுக்கன்னாங்க. அப்பறம் தட்டு. அப்பறம் என்னையவே கொண்டாந்து விட்டாங்க. நீங்களும் கொண்டாந்து விடுறதுக்குள்ள நானே வந்துட்டேன்."

நான் சொன்ன வார்த்தை, அப்படியே அதே வார்த்தை. அவளை மிரள வைக்கக் கூடாது என்று எதைச் சொல்லாமல் விட்டேனோ அதனால்தான் மிரண்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, காப்பீடு, நான் வாயைக் கொடுத்தது, விசாரணைக்கு மறுபடி வரப்போவது, அருள் சொன்னது, எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். "பைத்தியந்தான். வெவரம் கெட்டவ இல்ல."

மன்னிச்சுக்க தனம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன், எடுக்கவில்லை. வரும் பஸ்ஸில் சீட்டு கிடைத்தது. என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூக்கத்திலும் பையை விடவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தனத்துக்குக் காய்ச்சல். சுக்குத் தண்ணீர், கஞ்சி. கஞ்சியை மாடிக்குப் போய் அவள் அடுப்பிலேயே வைத்தேன். அது எந்தக் கணக்கில் வருமோ தெரியாது.

மாத்திரை போட்டாள். தொட்டிக்குள் இப்போது ஒருத்தி மட்டும்தானாம். எவள் என்று நான் கேட்கவில்லை.

டாக்டரம்மாவிடம் பேசினேன். அட்டை வந்த அன்றைக்கே கூட்டிவரச் சொன்னார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. காலையில் லேசான வெயில்.

அதே ஆபீஸ் தம்பி வந்தார். நான் காபி போடவில்லை. வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. மாடிக்குப் போனோம். தனம் தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. தாளித்த வாசனை. சொல்லக் கூடாது, என் பருப்பைவிட நன்றாக இருந்தது.

அவர் அடுப்பைப் பார்த்தார், சாமானைப் பார்த்தார், எழுதினார். தனம் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவ எங்க வீட்டுப் புள்ளன்னு சொன்னாங்களேம்மா" என்று அவளிடம் கேட்டார். "கீழ் வீட்டம்மா ஒங்களுக்கு என்ன வேணும்?"

தனம் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணும் வேண்டாதவங்கதான் சார். அவுங்க வீட்டுக்காரம்மா, நான் குடித்தனம். எனக்குன்னு யாரும் இல்ல."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்படித்தானாம்மா என்றார்.

அப்படித்தான் சார் என்றேன்.